நாலா, ஒன்றா

தர்ஷினியின் அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? பிரஷர் குளிசையை மறக்காமல் போடுங்கள். லண்டனில், இந்தக் கிங்ஸ்பரியில் குளிர்தான், மற்றப்படி எனக்குக் குறையில்லை.

முப்பத்தொன்பது வயதில் டொக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட நம் மகளுக்கு ஒரு குழப்பம். இங்கே மருத்துவத்துக்கு நாலு பல்கலைக்கழகங்கள் வரை விண்ணப்பிக்கலாம். "தாளில நாலு கேள்வி இருந்தால் நாலுக்கும் விடை எழுது, பிள்ளை" என்றேன்.

மருமகன் ரமணன் சிரித்தார். "வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒண்டு காணும். நீர் டொக்டராகிறதுக்குள்ள நான் நோயாளியாகிடுவன்." பிறகு சாமியிடமே கேட்போம் என்று, அவரே சாமி அறையில் இரண்டு பொட்டலங்களில் பூக்கட்டி வைத்தார். வெள்ளை வந்தால் நாலு, சிவப்பு வந்தால் ஒன்று. அவள் எடுத்தது சிவப்பு. ஒன்றுக்கே விண்ணப்பித்தாள்.

நேற்று அந்த ஒரு பல்கலைக்கழகமும் மறுத்துவிட்டது. "சாமிக்கு விருப்பமில்லை, அம்மா. இனி எங்கயும் போடமாட்டன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

இன்று சாமிப் படத்தின் பின்னால் தூசி தட்டியபோது மற்றப் பொட்டலம் கிடைத்தது. அதிலும் காய்ந்த சிவப்பு ரோசா. ரமணனிடம் கேட்டேன்.

"ஓம் மாமி, ரெண்டும் சிவப்புத்தான். நாலு எண்டால் எங்கயாவது எடுத்துப்போடுவாங்கள். பிறகு வீட்டை ஆர் பாக்கிறது? நீங்களும் எத்தினை நாளைக்கு?"

நீங்கள் பதற வேண்டாம். அவள் வந்ததும் சொல்லப்போகிறேன். சொன்ன பிறகு இந்த வீட்டில் எனக்கு இடமிருக்காது. அங்கே என் கட்டிலில் அடுக்கிய பழைய பேப்பர்களை எடுத்துவிடுங்கள். நுளம்புவலையையும் தோய்த்துப் போடுங்கள்.

கதவு திறக்கிறது. நிறுத்துகிறேன்.

திலகவதி