யன்னல் சீலைக்கு ஒரு பக்கம்

கார்த்திகை 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் ஒன்றும் காயவில்லை. ஆங்கில இலக்கியக் கட்டுரை திரும்பி வந்தது. நாவலில், மகன் கடலோடு போய்விட்டான் என்று தாய்க்குச் செய்தி வருகிறது. எழுதிய மனுசன் அவளை விட்டுவிட்டு யன்னல் சீலையின் பூவையும் கிழிசலையும் ஒரு பக்கத்துக்கு விவரிக்கிறார். ‘இதயமில்லாதவர்’ என்று எழுதியிருந்தேன். மிஸ் சிவப்பு மையில்: ‘கேட்டது படிமமும் தொனியும். திருப்பி எழுதவும்.’ நல்ல கதை! செத்தது மகன், படிமம் சீலையாம்.

சவர்க்காரம், மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். அண்ணன் நாளை மூதூரிலிருந்து வருகிறான்.

10, செவ்வாய்

அண்ணன் வரவில்லை. பொழுதுபட பக்கத்துத் தெரு நசீர் நானா வந்தார். அண்ணன் ஏறிய அதே லோஞ்சுப் படகில் வந்தவர். படியேறவில்லை.

“தங்கச்சி, படகுத்துறையில இறங்கின உடனே ஆமிக்காரன் புடிச்சிட்டான். ட்ரக்கில ஏத்தினத கண்ணால கண்ட நான். அம்மாட்ட மெதுவாச் சொல்லுங்க.”

அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றாள்.

12, வியாழன்

ஆமி முகாம் வாசல், இரண்டாவது நாள். அண்ணன் உடுக்கச் சாரம், சேட், சாப்பிடச் சோற்றுப் பார்சல். பார்சலை வாங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று வாசலில் நிற்கிற பெண்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வாசல் ஆமிக்காரன் நேற்றும் வாங்கினான், இன்றும் வாங்கினான். கடவுளே! அம்மா வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தாள்.

பின்னேரம் கட்டுரையை எடுத்தேன். வாசலில் அம்மாவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் மண்மூட்டையில் முளைத்த புல்லையே பார்த்துக்கொண்டு நின்றனான். அந்த மனுசனும் அந்தத் தாயைப் பார்க்க ஏலாமல்தான் சீலையைப் பார்த்திருக்கிறார். அதையே தொனி என்று எழுதினேன். மிஸ் என்ன மை வேண்டுமானாலும் ஊற்றட்டும்.

14, சனி

வெயில். வாசலில் வேறொருவன். பெயரைக் கேட்டு உள்ளே போய், உரப்பையோடு வந்தான்.

“இந்த ஆள் இங்க இல்ல. கொண்டு போ.”

பைக்குள் இத்தனை நாளும் நாங்கள் கொடுத்தது எல்லாம். ஒன்றையும் பிரிக்கவில்லை. அம்மா போட்ட முடிச்சு அப்படியே. சோறு ஊசிப்போய் மணத்தது. கத்த வேண்டும் போல் இருந்தது.

அம்மா அழவில்லை. வந்ததும் கிணற்றடியில் சாரங்களையும் சேட்டுகளையும் கழுவினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“அங்க இல்லையெண்டா மற்ற முகாமிலதான் வச்சிருப்பாங்கள். வெள்ளன எழும்பு பிள்ளை. கறிக்கு உறைப்புக் குறைச்சுப் போடவேணும். இவ்வளவு நாளும் சாப்பிடாத வயிறு.”