மேசை விழுந்தபோது நான் சொன்னது

மே 2, செவ்வாய்

ஸ்ட்ரீக்கி பே, தெற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஊர். காலையிலிருந்து தெற்குக் காற்று. மீன் பிடிக்கப் போகவில்லை.

மேசை இன்றும் ஆடியது. ரோண்டா அந்தப் பக்கம் ரொட்டியில் வெண்ணெய் தடவினால் இந்தப் பக்கம் என் காப்பி தளும்புகிறது. செடூனா ஊரைத் தாண்டி அந்த மண்சாலையில், காருக்குப் பின்னால் இழுத்துவரும் எங்கள் கேரவன் வீடு நாற்பது கிலோமீட்டர் உதறி உதறி வந்ததிலிருந்து இப்படித்தான். மேசையின் ஒரு பக்கம் சுவரில் பதித்த அலுமினியப் பட்டையில் தொங்குகிறது; மறுபக்கத்துக்கு ஒற்றைக் கால். பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவில் இரண்டு சும்மா சுற்றுகின்றன, கடிக்கவே இல்லை.

"நாளைக்கு ரிப்பேர்க்காரர் இங்க வர்றாராம். சொல்லி வைக்கட்டுமா?" என்றாள்.

"நாலு ஸ்க்ரூவுக்கு ஆள் கூப்பிடணுமா? முப்பத்தொரு வருஷம் நகராட்சியில கட்டட இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான்."

"ஆமா, அடுத்தவன் கட்டினதுல குத்தம் கண்டுபிடிக்க. நீ எப்ப ஆணி அடிச்ச, நெவ்?"

நாற்பது வருடமாக என் மனைவி, அவளுக்குத் தெரியாதா. காப்பியைத் துடைத்தேன்.

மே 4, வியாழன்

மேசையைச் சரி பண்ணிவிட்டேன் என்று ரோண்டாவிடம் சொன்னேன். பண்ணவில்லை. காலுக்கு அடியில் ஒரு அட்டையை நான்காக மடித்துச் செருகினேன், அவ்வளவுதான். அவள் ஆட்டிப் பார்த்துவிட்டு, "அட, பரவாயில்லையே" என்றாள். ரிப்பேர்க்காரர் நேற்றே வந்து போய்விட்டார்.

கேரவன் முகாமில் பக்கத்து இடத்துக்கு க்ளெனிஸ் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். அறுபத்து நான்கு வயது, தனியாகச் சின்னக் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாள். பார்டர்டவுனில் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாளாம். நல்ல கனமான உடம்பு. முகாமில் எல்லோரும் கூடிக் குடிக்கும் மாலை ஐந்து மணிக் கூட்டத்துக்கு எல்லோரையும் போல அவளும் தன் நாற்காலியையும் தன் ஒயினையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை விரிக்கும்போதே, "தள்ளி உக்காருங்கப்பா, சாஞ்சா மூணு பேர் காலி" என்றாள். அரை மணி நேரத்தில் மொத்தக் கூட்டமும் அவள் கையில். ரோண்டாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

மே 6, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் ரோண்டா துணி துவைக்கப் போயிருந்தாள். பார்த்தால் பட்டை சுவரைவிட்டு ஒரு விரல் அளவுக்கு விலகி நிற்கிறது. இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, ஓட்டைகளில் தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் திணித்து, திரும்ப முடுக்கினேன். நன்றாகப் பிடித்த மாதிரி இருந்தது. பசைக் குழாயின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன்: இருபத்து நான்கு மணி நேரம் எடை ஏற்றக் கூடாது. படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு ரோண்டா துணிக்கூடையோடு க்ளெனிஸையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தேநீர், பேரீச்சம்பழ ஸ்கோன் ரொட்டி. "மேசையில பசை இன்னும் காயல, வெளியில உக்காருவோம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ரோண்டா, "அப்ப வியாழக்கிழமை என்ன பண்ணின?" என்பாள். அதற்குப் பயந்தேன். வேறு ஒன்றுமில்லை. அறுபத்தெட்டு வயதில், பெண்டாட்டியிடம் ஒரு மடித்த அட்டையை ஒப்புக்கொள்ளப் பயம்.

க்ளெனிஸ் பேருந்தில் ஆட்டுக்குட்டியை ஒளித்துக் கொண்டுவந்த ஒரு சிறுமியின் கதையைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து ரோண்டாவுக்குக் கண்ணில் நீர். பிறகு க்ளெனிஸ் கிளம்பினாள். அந்த இடுக்கு பெஞ்சிலிருந்து யாராக இருந்தாலும் மேசையில் கை ஊன்றித்தான் எழ வேண்டும். ஊன்றினாள்.

பட்டை பிய்ந்தது. பலகை சரிந்து, தேநீர்ப் பாத்திரம் ரோண்டாவின் பாதத்தில். க்ளெனிஸ் பீங்கான் துண்டுகளுக்கு நடுவில் முழங்காலில் விழுந்து கிடந்தாள்.

"ஐயோ, என்னாலதான்! என் கனம்! ரோண்டா, உன் கால்... ஐயோ கடவுளே, என்னாலதான்..."

அப்போது நான் சொன்னேன்: "பரவாயில்ல க்ளெனிஸ், விடு. இந்த கேரவன் மேசைங்க எல்லார் எடையையும் தாங்காது."

சும்மா இருந்திருந்தால்கூட அது பாதிப் பாவம். சொன்னேன். அதுவும் கனிவாக, அவளை மன்னிக்கிறவன் மாதிரி. அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. எங்களைத் தொடவிடாமல் ஒவ்வொரு துண்டாக அவளே பொறுக்கினாள்.

ரோண்டாவின் கால் பெரிதாக வெந்துவிடவில்லை. சிவந்திருக்கிறது.

மே 7, ஞாயிறு

பசை இப்போது நன்றாக இறுகியிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன்.

மே 8, திங்கள்

க்ளெனிஸ் ஐந்து மணிக் கூட்டத்துக்கு நாற்காலி இல்லாமல் வந்தாள். ஒயின் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். கேட்டதற்கு, "நாள் பூரா கார்ல உக்காந்து இடுப்பு பிடிச்சிருக்கு, நின்னா நல்லது" என்றாள். இன்று அவள் காரைத் தொடவே இல்லை. அது எனக்குத் தெரியும்.

விஷயம் எப்படிப் பரவியது? ரோண்டா தன் கால் சிவந்ததைப் பற்றி யாரிடமோ சொல்லியிருப்பாள். அது கைமாறிப் போயிருக்கும். டப்போ ஊர்க்காரன் கால்வின் தன் ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "க்ளெனிஸ், இது மேல மட்டும் உக்காந்துடாத தாயி, உள்ள பன்னெண்டு பீர் இருக்கு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஏன்டா சிரிச்ச? வாயை மூடிக்கிட்டு இருந்தா செத்தா போயிருவ?

மே 10, புதன்

மேசை இல்லாததால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். ரோண்டா சொன்னாள்: "பாவம் க்ளெனிஸ். ஆனா அவளும் கொஞ்சம் பாத்துச் சாப்பிடலாம். முட்டிக்கும் நல்லதுதானே."

"ம்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று ஊரில் எத்தனை கட்டட கான்ட்ராக்டர்களை ஏசியிருக்கிறேன்! ஆடுகிற கைப்பிடிக்கு வெள்ளை அடித்து வைத்திருந்த ஒருவனை, அவன் மனைவி முன்னாலேயே, உனக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். அந்த மனிதனின் முகம் இன்று முழுவதும் கண் முன்னால் நிற்கிறது.

மே 11, வியாழன்

க்ளெனிஸ் ஸ்கோன் கொண்டுவந்தாள். கதவுக்கு வெளியே நின்றபடியே தட்டை நீட்டினாள். உள்ளே வா என்று ரோண்டா எவ்வளவோ கூப்பிட்டாள். "வேணாம்டி, உன் படி புதுசா தெரியுது. எதுக்கு வம்பு" என்றாள். எப்போதும் அந்த மாதிரி பேச்சுக்குப் பின்னால் வரும் சிரிப்பு வரவில்லை.

அந்த ஸ்கோனை நான் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

மே 13, சனி

ரோண்டா படகுத்துறைக்கு நடக்கப் போயிருந்தாள். க்ளெனிஸின் கார் பின்பக்கமாக வந்து எங்கள் வாசலில் நின்றது. பின்னால் ஒரு மேசை. இரண்டு இரும்புக் கால், அடியில் தரையோடு போல்ட் போடுகிற தட்டு. நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில், குப்பைக் கிடங்கு வாசலில் இருக்கும் பழைய சாமான் கடையில் பிடித்தாளாம். மூன்று கடை ஏறி இறங்கினாளாம்.

"உடைச்சவ நான், நான்தானே வைக்கணும். பழசைக் கழட்டு, நானும் பிடிக்கிறேன்."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. உள்ளே வந்தாள், படியில் ஓரமாகக் கால் வைத்து வந்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் சத்தம் மாறியது.

"உள்ள மரச்சட்டம் இங்க ஓடுது பாரு. ஸ்க்ரூவை நாலு விரல் தள்ளி வெறும் பிளைவுட்ல போட்டிருக்கு. எந்த மடையன் வேலை?"

கேரவன் செய்தவர்கள் வேலை, உண்மையாகவே. அதையாவது சொல்லியிருக்கலாம். என் கண் அவள் கையிலேயே இருந்தது. ஏனென்றால் அவள் ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பழைய ஓட்டைக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள். பசை பூசிய தீக்குச்சி ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். குச்சிகளை வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

"அந்தப் பக்கத்து ஸ்க்ரூவையும் கழட்டு" என்றாள். இருவருமாகப் போல்ட் போட்டு முடித்தோம். ரோண்டா வந்து கட்டிப்பிடித்து, உட்காரச் சொன்னபோதும் க்ளெனிஸ் உட்காரவில்லை. வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

மே 14, ஞாயிறு

தெரிந்துவிட்டது அவளுக்கு. இல்லை, தெரிந்திருக்காது. குச்சி பழைய குச்சியாகவும் இருக்கலாமே, இதற்கு முன் கேரவனை வைத்திருந்தவர் போட்டதாக... இதைத்தான் காலையிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பொய்க்கு இடம் இருக்கிறதா என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன்.

மேசை அசையவே இல்லை. ரோண்டா அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள்.

மே 15, திங்கள்

சொல்லிவிட்டேன். க்ளெனிஸிடம்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் மீன் கழுவுகிற மேடையில் கிழங்கான் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நாரைகள் இரண்டு காத்துக்கொண்டிருந்தன. "க்ளெனிஸ், அந்த மேசை உன்னால விழல" என்றேன். அவள் கத்தி நிற்கவில்லை.

"தெரியும்."

"குச்சியைப் பாத்ததுமா?"

"குச்சியைப் பாத்துட்டு உன் மூஞ்சியைப் பாத்தேன். ஜன்னலை உடைச்ச பையன் எந்த சீட்டுல இருக்கான்னு பஸ் கண்ணாடியில பாத்தே சொல்லிடுவேன் நான். இருபத்திரெண்டு வருஷம் பாத்த மூஞ்சி அது."

மன்னிப்புக் கேட்டேன். என்னென்னவோ உளறினேன். முதுகு வலி, மண்சாலை, பசை. அவள் ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"அந்தக் குச்சியைப் பாக்குற வரைக்கும் ஒரு வாரம் நான் ராத்திரி சாப்பிடல, தெரியுமா? இந்த வயசுல. யார் வீட்டுக்குள்ள போனாலும் முதல்ல தரையைப் பாத்தேன்."

நான் நாரையைப் பார்த்தேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன, நெவ்? எனக்குத்தான் தெரியுமே. அஞ்சு மணிக்குச் சிரிச்சாங்கல்ல, அவங்ககிட்ட சொல்லு. ரோண்டாகிட்ட முதல்ல சொல்லு. நான் வியாழக்கிழமை கிளம்புறேன்."

மே 16, செவ்வாய்

இன்று சொல்லவில்லை. ரோண்டாவிடமும் சொல்லவில்லை. காற்று அதிகம், கூட்டம் சீக்கிரம் கலைந்துவிட்டது. காற்றின் மேல் பழி போடுகிறேன்.

மே 17, புதன்

ஐந்தரை மணிக்கு எழுந்து நின்றேன். க்ளெனிஸ் வழக்கம் போல ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கால்வின், "என்னப்பா, கல்யாண நாளா?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மடித்த அட்டை, தீக்குச்சி, இருபத்து நான்கு மணி நேரம், அவள் விழுந்து கிடந்தபோது நான் சொன்ன அந்த வாக்கியம். "அன்னிக்கு அந்த இடத்துல ஒரு பூனை கால் வச்சிருந்தாலும் விழுந்திருக்கும். தெரிஞ்சே அவ மேல போட்டேன்" என்றேன்.

கால்வின், "யோவ், நீ பில்டிங் இன்ஸ்பெக்டர்ல? நீ கையெழுத்துப் போட்ட வீடெல்லாம் இன்னும் நிக்குதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நல்லது, சிரிக்கட்டும். ஆனால் கால்வின் உடனே தொப்பியைக் கழற்றிக்கொண்டு க்ளெனிஸ் பக்கம் போய், "அந்த ஐஸ் பெட்டி ஜோக்கு... தப்பா எடுத்துக்காத" என்று முணுமுணுத்தான். என்னைவிட அவனுக்கு அது எளிதாக வந்தது. க்ளெனிஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் கேரவனுக்குப் போனாள்.

ரோண்டா எழுந்து நாற்காலியை மடித்தாள். அவளிடம் முதலில் சொல் என்றாளே க்ளெனிஸ். ஒரே தடவையில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கேயும் குறுக்கு வழி.

உள்ளே வந்ததும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீ சொன்னதை நம்பித்தான் அவளைப் பத்தி நான் அப்படிப் பேசினேன். என் வாயையும் சேத்து அழுக்காக்கிட்ட."

மே 18, வியாழன்

காலையிலிருந்து ரோண்டா என்னோடு பேசவில்லை.

எட்டு மணிக்கு க்ளெனிஸ் தன் கேரவனைக் காரில் பூட்டி முடித்துவிட்டு விடைபெற வந்தாள். ரோண்டா வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீ பாத்துச் சாப்பிடலாம்னு சொன்னேன். மன்னிச்சிரு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அதை என் டாக்டர் பத்து வருஷமா சொல்றாரு, அவரையே நான் மன்னிக்கல" என்றாள் க்ளெனிஸ். "தேத்தண்ணி இருக்கா இல்லையா?"

படியின் நடுவில் கால் வைத்து உள்ளே ஏறி வந்தாள். நான் கழுவு தொட்டிப் பக்கம் ஒதுங்கினேன். அவள் மேசை முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்து, உடம்பின் முழு எடையையும் இறக்கினாள். அப்படியே என்னைப் பார்த்தாள். ஐந்து விநாடி இருக்கும். மேசை அசையவில்லை.

"மேசையை நம்புறேன்" என்றாள். "உன்னை இன்னும் இல்ல."

பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, முழங்கைகளை ஊன்றிக்கொண்டாள். ரோண்டா அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டே இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.