கூப்பிடும் வரை வரக் கூடாது

என் எதிரணிக்காரருக்கு, ஆட்டம் தொடங்கும் முன் எப்போதும் வைக்கும் அதே வணக்கம்.

உங்கள் வருஷத் திதிக்கு ஒரு சிறு மலர் அச்சடிக்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னார். "அண்ணி, நீங்களும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" என்றார். எழுத உட்கார்ந்தால் அந்த நாலு வார்த்தை வரவில்லை. சொல்லாமல் விட்ட ஒன்றுதான் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். இப்போது அயனம்பாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். விஜி முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாளாம். உங்கள் மகள் சம்பாதிக்கிறாள். இதைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

வேளைக்கு விளக்கேற்றுகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் "அழுதுடுங்க" என்கிறார்கள். தண்ணீர் வராத குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கிறது.

படிக்கிறவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். டேங்க் செய்கிற தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, ஏழாம் நாள் நீங்கள் கம்ப்யூட்டரில் டேங்க் ஓட்டினீர்கள். விஜி படிப்புக்கென்று பழசாக வாங்கிய கம்ப்யூட்டர். கூட வேலை செய்தவர் ஒரு ஃப்ளாப்பியில் அந்தப் போர் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். "அங்கே பார்த்தது போதாதா? இங்கேயும் டேங்க்கா?" என்று கேட்டேன். "அங்க செய்யத்தான் முடியும். ஓட்ட விட மாட்டாங்களே" என்றீர்கள். மூன்றாவது ஞாயிறு எனக்கும் ஒரு படையைக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒரே கம்ப்யூட்டர், இரண்டு பேர், மாற்றி மாற்றி ஆட வேண்டும். என் ஆட்கள் கண்ணுக்கு எட்டிய இடம் மட்டும்தான் என் முறையில் திரையில் தெரியும். மற்றதெல்லாம் கறுப்பு. உங்கள் படை அந்தக் கறுப்புக்குள் எங்கோ இருக்கும். "இதுக்குப் பேர் போர்மூட்டம். சண்டை நடக்கறப்ப எவனுக்கும் முழுசா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அதனால் ஒருவர் ஆடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது. உங்கள் முறை வந்தால் நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கூப்பிடும் வரை வரக் கூடாது. அந்த விதியைப் போட்டவள் நான்தான். ஏகாதசி விரதத்தை விட அதைக் கண்டிப்பாகக் காத்தேன்.

சண்டை முடிந்ததும் கறுப்பு முழுவதும் விலகும். யார் எங்கே நின்றார்கள் என்று தெரியும். பிறகு ஓர் அட்டவணை வரும். எந்த டேங்க் எத்தனை குண்டு சுட்டது, எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காயம், எத்தனை பேர் காணவில்லை. நீங்கள் வாசிப்பீர்கள், நான் நோட்டில் கோடு போட்டு எழுதுவேன்.

"காணாமப் போனவங்க எங்கதாங்க போவாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கே தெரியாதாம். நீ வேணா உன் பெருமாளைக் கேட்டுச் சொல்லு."

அன்று சாயந்திரம் அவர்களுக்கும் சேர்த்து ஒரு திரி போட்டேன். "உன் ஆளுங்களுக்கு மட்டுமா, எதிரிக்குமா?" என்று சிரித்தீர்கள். இரண்டு பக்கத்துக்கும்தான் போட்டேன்.

அப்படி நாற்பத்தோரு சண்டை. ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. நான் கேவலமாகத் தோற்றதையும் தோற்றபடியே எழுதியிருக்கிறேன்.

நாற்பத்திரண்டாவதில், உங்கள் முறை வந்தது. நான் சமையலறைக்குப் போனேன். குக்கர் வைத்தேன். சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்ல எனக்கு அரை மணி ஆகும். முடித்தேன், நீங்கள் கூப்பிடவில்லை. ஏதோ பெரிய திட்டம் போடுகிறீர்கள் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாவிட்டால் விதியும் இல்லை. அதனால்தான் கதவைத் திறந்தேன்.

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தீர்கள். கை மட்டும் அசைந்தது.

கூப்பிட்டீர்களா? குக்கர் மூன்று விசில் விட்டது. அதில் ஒரு விசிலில் என் பெயர் போய்விட்டதா?

சேக்காட்டு ஆட்டோக்காரர் உங்கள் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, எம்மாம் நேரமா இப்டி கீறாரு?"

"இப்பதான். அஞ்சு நிமிஷம்."

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே கேட்டார். அவருக்கும் அஞ்சு நிமிஷம் என்றேன். எழுதிக்கொண்டார். சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். விஜியிடமும் ஐந்து. உங்கள் தம்பியிடமும் ஐந்து. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் ஐந்து.

அது நாற்பது நிமிடம்.

நாற்பது நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்டால், விளையாடினேன் என்றா சொல்வேன்? அந்த வெட்கத்தில் ஐந்து என்றேன். நாற்பது என்று சொல்லியிருந்தால் டாக்டர் வேறு ஏதாவது செய்திருப்பாரா? தெரியவில்லை. கேட்கவும் போகவில்லை.

போன ஞாயிறு கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்த விளையாட்டு தானாக ஃப்ளாப்பியில் பதிந்துகொள்ளும் என்று நீங்கள் சொன்னது நினைவு வந்தது. உங்கள் கடைசி முறையின் தொடக்கம் அப்படியே இருந்தது. எதிராளியை வெளியே போகச் சொல்லித் திரை கேட்டது. பழக்கத்தில் எழுந்தேவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். சண்டையை முடிக்கலாமா என்று இருவரையும் கேட்கும் பொத்தான் ஒன்று உண்டு அல்லவா? எனக்காக ஒரு முறை அழுத்தினேன், உங்களுக்காக ஒரு முறை.

கறுப்பு விலகியது. என் பீரங்கிக்குப் பக்கத்துத் தோப்பில், கைக்கெட்டும் தூரத்தில், உங்கள் டேங்க் ஒன்று நின்றது. என் ஆட்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அட்டவணையில் அதற்கு நேரே, சுட்ட குண்டு பூஜ்யம். சுட்டிருந்தால் என் ஆட்டம் முடிந்திருக்கும்.

அந்த முறையில்தான் சுட இருந்தீர்களா? இல்லை, அதற்கு முன்பே பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டிருந்தீர்களா? பூஜ்யம் என்று மட்டும்தான் அட்டவணை சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை.

வாசிக்க ஆள் இல்லாமல் நானே வாசித்து நானே நோட்டில் எழுதினேன். உங்கள் பக்கம், என் பக்கம், செத்தவர், காயம், காணவில்லை. அதன் கீழே இன்னொரு கோடு போட்டு எழுதினேன்: "சமையலறையில் இருந்தது நாற்பது நிமிடம். ஐந்து என்று சொன்னது பொய்." நேற்று ராத்திரி விஜிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் தம்பி இதை நீக்கச் சொல்வார். நீக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் விஜி குளிக்கப் போய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுகிறேன். "அம்மா! இப்பதானே உள்ள வந்தேன்!" என்று கத்துகிறாள். கத்தட்டும். கத்துகிற வரைக்கும் தட்டுவேன். யார் வீட்டிலும், எந்தக் கதவுக்குப் பின்னாலும், யாராவது கூப்பிடட்டும் என்று இனி நான் நிற்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூப்பிடாமலே வந்திருக்க வேண்டிய
உங்கள் மனைவி
செண்பகம்