ஓரம் கிளம்பும் நகங்கள்

சாய்ந்தமருது
2024 ஜனவரி 14

என் ஸப்னாவுக்கு,

ஸலாமும் கொஞ்சம் கோபமும். போனில் நீ சலூன் வேலைக்கு நடுவே பாதியைக் கேட்டு மீதியை விட்டுவிடுகிறாய். மக்கீன் காக்கா தோஹாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுக்கிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நீ அனுப்பிய, நக ஜெல்லைக் காயவைக்கும் லாம்பும் ஜெல் போத்தல்களும் வந்ததிலிருந்து என் பார்லரில் கூட்டம். தொழுகைக்கு முன் வுழூ செய்யும்போது நகத்தில் தண்ணீர் படாதென்று, நம் பிள்ளைகள் தொழுகையில்லாத நாட்களில்தான் வருவார்கள். மற்றபடி பக்கத்துப் பெரியநீலாவணைத் தமிழ்ப் பிள்ளைகள். ஆனால் ஒட்டிய நகம் நிற்பதில்லை, ஸப்னா. ஒரு கிழமைக்குள் ஓரம் கிளம்புகிறது, தண்ணீர் உள்ளே போகிறது, பிறகு கழன்று விழுகிறது. ஒரு டீச்சருக்கு வகுப்பில், பிள்ளைகளுக்கு முன்னால் விழுந்ததாம். மறுநாளே வந்து, “மிச்சத்தையும் கழட்டி விடுங்க சுல்பிகா, போதும்” என்று கையை நீட்டினார்.

“நீ ஊரில பார்லர் வை, பின்னால நான் நிப்பன்” என்று நீதானே சொன்னாய்? வந்து நில்.

சுல்பிகா


தோஹா
பெப்ரவரி 2

செல்ல சுல்பி,

கோபிக்காதே. நகத்தின் மினுக்கம் போகும்வரை மெதுவாக அராவு. அடியிலுள்ள மெல்லிய தோலைப் பின்னுக்குத் தள்ளு. ஜெல் தோலில் பட்டால் அங்கிருந்துதான் கிளம்பும். மருதோண்டிக்குப் பூசிய எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் ஒட்டாது. மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் லாம்பில் காயவை.

உனக்குக் கை அவசரம். தையல் வகுப்பில் உன் சட்டைக் கழுத்தை எத்தனை தரம் நான் பிரித்துத் தைத்தேன்! லாம்பில் குறை தேடாதே. அது எங்கள் சலூனில் ஓடிய நல்ல லாம்பு.

உன் ஸப்னா


சாய்ந்தமருது
மார்ச் 3

என் ஸப்னா,

நீ சொன்னதெல்லாம் செய்தேன். என் இடது கையிலேயே திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்த்தேன். அதுவும் கிளம்புகிறது. என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

பெரியநீலாவணை விதுசாவுக்குக் கலியாணத்துக்கு ஒட்டினேன். மணவறையில், மோதிரம் போடும்போது ஒன்று கழன்று மாப்பிள்ளையின் கையில் வந்துவிட்டது. அதைக்கூடச் சிரித்துத் தாங்கிக்கொண்டாள். இப்போது நகத்தைச் சுற்றிக் கொப்பளம். “அக்கா, விரல் எரியுது. சோறு பிசைய ஏலாம இருக்கு” என்று என் முன்னால் அழுதாள்.

உண்மையைச் சொல்லு. ஜெல்லா, லாம்பா, நானா?

சுல்பிகா


தோஹா
மார்ச் 21

சுல்பி,

நோன்பு காலம், சலூனில் மூச்சு விட நேரமில்லை. சிலரின் உடம்புக்கு ஜெல் ஒத்துக்கொள்ளாது. விதுசாவுக்கு ஏதாவது க்ரீம் பூசச் சொல்லு.

உன் மனம் நோகக் கூடாதென்று பார்த்தேன். நீ கேட்டதால் சொல்கிறேன், பிழை உன் கையில்தான். கொஞ்ச நாளைக்கு நக வேலையை விட்டுவிடு. முகம், தலைமுடி உனக்கு நன்றாக வரும்.

ஸப்னா


சாய்ந்தமருது
ஏப்ரல் 28

ஸப்னா,

பெருநாளுக்கு முதல் உன் தம்பியின் மனைவி சரீபா பக்கத்துக் கல்முனையில் பார்லர் திறந்தாள். நீ ஒரு சொல் சொல்லவில்லை. பலகாரம் கொண்டு பார்க்கப் போனேன். அவள் கைநகங்கள் கண்ணாடிபோல நின்றன. என் மேசையில் இருக்கும் அதே ஜெல்தான் அவள் மேசையிலும்.

“எப்படிப் புள்ள நிக்கிது?” என்று கேட்டேன்.

“மதினி எனக்குப் புது லாம்பு அனுப்பின, ராத்தா. உங்கட லாம்பு சலூனில ஒதுக்கினதாம். வெளிச்சம் வருமாம், ஆனா ஜெல் உள்ளுக்குக் காயாதாம். உங்களுக்குச் சொல்லல்லியா?”

நீ சொன்னதாகத் தலையாட்டினேன். உன் மானத்தைக் காப்பாற்ற.

அவள் லாம்பிலேயே என் விரலொன்றுக்கு ஒட்டிப் பார்த்தேன். இன்றுவரை அசையவில்லை. காயாத ஜெல் தோலில் பட்டுத்தான் விதுசாவுக்குக் கொப்பளம் வந்தது என்று டொக்டர் சொன்னார்.

பழைய லாம்பை அனுப்பியதை நான் பொறுப்பேன். என் கைதான் பிழை என்று என்னையே நம்ப வைத்தாயே, அது எதற்கு?

சுல்பிகா


தோஹா
மே 19

சுல்பி,

அனுப்பும்போது எனக்குத் தெரியாது, அல்லாஹ் அறிவான். சலூனில் ஏன் ஒதுக்கினார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அதற்குள் தம்பி, சரீபாவுக்கு ஒரு வழி காட்டச் சொல்லிக் கெஞ்சினான். அவள் காலூன்றும்வரை நீ நக வேலையைக் கொஞ்சம் நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன். விதுசாவின் விரல் இப்படி ஆகுமென்று நினைக்கவில்லை.

மக்கீன் காக்காவிடம் உனக்கும் புது லாம்பு கொடுத்தனுப்புகிறேன். ஒரு லாம்புக்காக என்னை விட்டுவிடாதே.

உன் ஸப்னா


சாய்ந்தமருது
ஜூன் 9

ஸப்னாவுக்கு,

நீ அனுப்பிய பெட்டியைப் பிரிக்காமல் மக்கீன் காக்காவிடமே கொடுத்திருக்கிறேன்.

நான் நகம் ஒட்டியவர்களையெல்லாம் கூப்பிட்டு, காரணத்தைச் சொல்லி, கழற்றிவிட்டேன். விதுசாவின் வீட்டுக்கு நானே போனேன். விரல் ஆறி வருகிறது. “நீங்க வேணுமெண்டு செய்யல்லியே, அக்கா” என்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அந்தச் சொல்லை உனக்குச் சொல்ல நானும் ஆசைப்பட்டேன். முடியவில்லை.

சரீபா பார்லர் கைவேலை பழக்கித் தரும்படி கேட்டு வந்தாள். பழக்குகிறேன். அவளில் எனக்குக் கோபமில்லை.

நீ லீவில் ஊருக்கு வந்து, வீதியில் என்னைக் கண்டால் ஸலாம் சொல்லு. பதில் சொல்வது என் கடமை, சொல்வேன். வீட்டுக்கு வராதே.

சுல்பிகா