சாவி இல்லாமல் நீ வந்த சனிக்கிழமை

இயேசு மரி சூசை துணை

மேற்பிரிவு லயம்,
தெஹியோவிட்ட.

அன்பு மகன் டெனிஸ்டனுக்கு அப்பா எழுதுவது.

கத்தாரில் நீயும் உன் அறையில் இருக்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் அந்தோனியாரிடம் கேட்டுக்கொள்கிறோம், இங்கே நானும் அம்மாவும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். முதலில் என் எழுத்துக்காகப் பொறுத்துக்கொள். சில எழுத்து வரிக்கு மேலே ஏறி நிற்கும், சிலது கீழே சரிந்து கிடக்கும், ரப்பர் பால் வெட்டிய கை கத்தியைப் பிடிக்கிற மாதிரியே பேனாவையும் பிடிக்கிறது, அழுத்தி எழுதியதில் ஓரிடத்தில் தாளே கிழிந்துவிட்டது. முன்னால் எழுதியதை எல்லாம் எனக்கு எழுத்துச் சொல்லித்தருகிற சர்மிளா டீச்சர் திருத்தித் தந்தாள். இதை அவளுக்குக் காட்டவில்லை, ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும். அதனால் இதில் இருக்கிற பிழை எல்லாம் என் சொந்தப் பிழை, அதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோசம்தான். மேலே உன் பெயரை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன், அம்மா வந்து என்ன தனியா சிரிக்கிறீங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா என்று கேட்டாள்.

இங்கே மழை விடவில்லை, பால் வெட்டு சரியாக நடக்கவில்லை, எல்லாரும் லயத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். போன ஞாயிறு போனில் நான் அந்தக் கதையைத் தொடங்கியதும், கஸ்பார் சாமியப் பத்தி யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்கப்பா, அவரு இல்லன்னா நான் இன்னைக்கும் கத்தியத் தூக்கிட்டு மரத்துக்கு மரம் அலைஞ்சிருப்பேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. போனை வைத்துவிடலாம், கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டாலும் எழுத்து உள்ளேயே இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

அந்தோனியார் திருநாளுக்கு முன்னால் கோயில் கமிட்டிக் கூட்டம் நடந்தது. முன்பு நம் பங்கில் இருந்த சாமிமாரில் ஒருவரைத் திருநாள் பூசைக்கு அழைப்பதும், சந்தியில் தப்பு மேளம் அடித்து மாலை போட்டுக் கூட்டிவருவதும் நம் வழக்கம் என்று உனக்குத் தெரியும். இந்த வருசம் கஸ்பார் சாமி என்று தலைவர் சின்னத்தம்பி சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நோட்டீஸ் எழுதுவதற்கு சர்மிளா வந்திருந்தாள். அவள் எழுந்து, அவரு வந்தா நான் இந்தக் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு நின்றபடியே சொன்னாள். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது சனிக்கிழமை பாட்டுப் பழக்கம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிற்கச் சொல்வாராம், பிள்ளையைத் தொடக்கூடாத விதமாகத் தொட்டாராம், ஒரு தடவை இல்லை. அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நானும் எழுத மாட்டேன். இத்தன வருசம் ஏம்மா வாயத் தொறக்கல என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அன்னைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா, இன்னைக்கே ஒருத்தரும் என் மொகத்தப் பாக்க மாட்டேங்குறீங்களே என்றாள். உண்மைதான் தம்பி, நான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இருக்கிற அருள்தாஸ் சாமி மறுநாளே அவள் வீட்டுக்கு வந்து, அவள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். கஸ்பார் சாமி வரமாட்டார் என்று கமிட்டிக்குச் சொல்லிவிட்டார், ஆயர் இல்லத்துக்கும் அறிவித்தார். போலீசுக்குப் போவதும் உன் உரிமைம்மா, போறதா இருந்தா நானும் வாறேன் என்று சொன்னாராம். அதன்பிறகு லயம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சாமியார் பாவம் சும்மா விடாது என்று ஒரு பக்கம், பொண்ணு பொய் சொல்லி என்ன லாபம் என்று ஒரு பக்கம். பக்கத்து வீட்டு இருளாயி வந்து அம்மாவிடம், எங்க கோயில் பூசாரி இப்படிச் செஞ்சிருந்தா மொத்த லயமும் போய்க் கேட்டிருக்கும், ஒங்க சாமின்னா மட்டும் ஏன் எல்லாரும் வாயப் பொத்திக்கிறீங்க என்று கேட்டாள். அம்மாவுக்குக் கோபம், நீ ஒன் கோழியப் பாத்துக்க என்று அனுப்பிவிட்டாள். ஆனால் அவள் போனதும் சுவரில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கஸ்பார் சாமியின் போட்டோவை அம்மாவே கழற்றினாள். கழற்றிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது, அதைப் பார்க்க முடியாமல் அங்கே ஒரு கலண்டரை மாட்டினாள். போட்டோவைத் தூக்கிப் போடவும் மனம் இல்லை, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறாள். செபமாலை சொல்லும்போது இரண்டு பேருடைய கண்ணும் அந்தப் பக்கம் போகிறது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை மகன். உனக்கு ஹொஸ்டலில் இடம் பிடித்துத் தந்தவர் அவர். நான் காய்ச்சலில் கிடந்தபோது மழையில் நனைந்து வந்து நற்கருணை கொடுத்தவர் அவர். அது பொய்யில்லை, நானே வாங்கினேன். அதே கையா என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. அருள்தாஸ் சாமியிடம் போய், அவர் கொடுத்த புதுநன்மை, அவர் கட்டிவைத்த கல்யாணம் இதெல்லாம் செல்லுமா என்று கேட்டேன். செல்லும், அதெல்லாம் ஆண்டவர் தந்தது, அவர் தந்தது இல்லை என்றார். பாதி புரிந்தது. அப்படியென்றால் அந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்ததை யார் திருப்பித் தருவது என்று கேட்டேன். அதற்கு அவர், எனக்குந் தெரியல ஐயா என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு நாங்கள் ஒரு பெரிய பிழை செய்தோம். திருநாள் பூசைப் பிரசங்கத்தில் அருள்தாஸ் சாமி பெயர் எதுவும் சொல்லாமல், நம் கோயில் காயப்படுத்திய பிள்ளைகளிடம் நாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். சின்னத்தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், ஆனால் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எங்கள் யாருக்கும் தெரியாதே, மாலை போடத்தான் தெரியும். சாமி உடுப்பு மாற்ற உள்ளே போன நேரத்தில், சர்மிளாவுக்கு மாலை போடுகிற எங்கள் ஏற்பாடு நடந்தது. அவளிடம் படிக்கிற ஆள் என்று மாலையை என் கையில் கொடுத்தார்கள், நான் பெருமையாக வாங்கிக்கொண்டேன். தப்பு அடித்தார்கள். சர்மிளா டீச்சர் முன்னால் வரவும் என்று ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள். திருநாளுக்குத் தோட்டத்தின் மூன்று பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், இந்துக்காரர்களும் கடைக்காரர்களும் நின்றார்கள். அதுவரை அந்தப் பிள்ளை யார் என்று தெரியாதவர்களுக்கும் அப்போது தெரிந்துபோனது. அவள் என் முன்னால் வந்து நின்று, சத்தமே போடாமல், இதே மாதிரி மாலை போட்டுத்தான தாத்தா அவரையும் சந்தியிலேந்து கூட்டிக்கிட்டு வந்தீங்க என்று கேட்டாள். கேட்டுவிட்டு ரப்பர் தோட்டத்துக் குறுக்குப் பாதையால் இறங்கிப் போய்விட்டாள். தப்பு அடிக்கிறவர்களுக்கு விசயம் தெரியாது, அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்தோனியாருக்குப் போடவும் மனம் வரவில்லை. அருள்தாஸ் சாமி வெளியே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு, பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் நடந்த எங்கள் எழுத்து வகுப்பும் நின்றுவிட்டது. நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, நான் என்னம்மா செய்யணும், நீயே சொல்லு என்று கேட்டேன். ஒண்ணும் செய்ய வேணாம் தாத்தா, ஆயர் இல்லத்துல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க, அம்மா பயப்படுறாங்க, நீங்க வந்து வெளிய உக்காந்திருந்தா போதும், பேச வேணாம் என்றாள். சரி என்றேன். அவிசாவளையில் பஸ் மாறிப் போனோம். பஸ் போர்டை நானே எழுத்துக் கூட்டி வாசித்துச் சரியான பஸ்ஸைக் காட்டினேன், கண்டக்டர் பையன் சிரித்து, நகின்ன சீயா, நகின்ன, ஏறுங்க தாத்தா என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக் கையைப் பிடித்து ஏற்றினான். அந்த நேரத்தில்கூட எனக்குச் சந்தோசம் வந்தது, வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அங்கே ஒரு கன்னியாஸ்திரியும் ஒரு பெண் லோயரும் ஒரு வயதான சாமியும் விசாரித்தார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் வாசித்தேன். அவள் வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். நம்பினாங்களா என்று கேட்டேன். தெரியல தாத்தா, ஆனா முழுசாக் கேட்டாங்க, நடுவுல நிறுத்தல என்றாள். யாராவது பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார்களாம். யாரும் இல்லை என்றாளாம். அந்த நாளில் கோயிலைப் பூட்டுவது யார் என்று கேட்டார்களாம். டெனிஸ்டன் அண்ணன் என்று சொன்னாளாம்.

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் கையிலிருந்த டீ ஆறிப்போனது. மணி அடிக்கிற வேலையும் கோயில் சாவியும் அப்போது உன்னிடம்தான் இருந்தது. பாட்டுப் பழக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு நீ பூட்டிக்கொண்டு வருவாய், வந்ததும் சாவியைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவாய். ஒரு சனிக்கிழமை ஆணியில் சாவி இல்லை. சாவிய எங்கடா போட்ட என்று நான் கேட்டேன். சாமியே பூட்டிக்கிறேன்னு வாங்கிக்கிட்டாருப்பா, என்னையப் போகச் சொன்னாரு என்றாய். அதற்குப் பிறகும் பல சனிக்கிழமை அந்த ஆணி வெறுமையாகத்தான் இருந்தது. சாமி நம் பிள்ளைக்கு வேலையைக் குறைத்திருக்கிறார் என்று அம்மா சந்தோசப்பட்டாள். எனக்கு இது நினைவிருக்கிறது மகன். உனக்கும் நினைவிருக்கிறது என்றும் அதனால்தான் போனை வைத்தாய் என்றும் எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லாமலும் இருக்கலாம், இப்போது எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரிவதில்லை. ஒன்று மட்டும் கேள், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நீயும் அப்போது பிள்ளை, பெரியவர் கேட்டார், கொடுத்தாய். அவர் உனக்குச் செய்த நல்லதை இல்லை என்று சொல்லச் சொல்லவும் இல்லை. அதுவும் நடந்தது, இதுவும் நடந்திருக்கிறது, இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார் என்பதை எப்படி மனதில் வைத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியாமல்தான் கிடக்கிறேன்.

கோயில் இப்போது எப்படி இருக்கிறது என்றால், அருள்தாஸ் சாமி பாவசங்கீர்த்தனத்தை வெளியே பலா மரத்தடியில் நாற்காலி போட்டுத்தான் கேட்கிறார், மழை என்றால் முன் விறாந்தையில். ஞாயிறு மறைக்கல்வி கதவெல்லாம் திறந்து வைத்து நடக்கிறது, முறை வைத்து இரண்டு தாய்மார் கூட இருக்கிறார்கள். அம்மா, எல்லாரும் பாக்கிற எடத்துல முழங்கால் போட்டா எவ்வளவு நேரம் எந்திரிக்கலன்னு இவளுங்க பாத்துக்கிட்டே இருப்பாளுங்க, அதுக்காகவே பாவத்தக் கொறைக்கணும் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். ஆட்கள் குறைந்துவிட்டார்கள். நான் போகிறேன். போய் உட்கார்ந்து சில நேரம் செபிக்கிறேன், சில நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். சர்மிளா கோயிலுக்கு வரவில்லை, வரச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது என்று சின்னத்தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கிழமை பிள்ளைக்காம்பராவைத் திறந்தாள். தாத்தா, ஒங்க எழுத்து ரொம்பக் கெட்டுப்போச்சு, ஒக்காருங்க என்றாள். உட்கார்ந்து எழுதினேன்.

வருகிற வியாழக்கிழமை நான் மறுபடி ஆயர் இல்லத்துக்குப் போகிறேன், இந்தத் தடவை உள்ளே போவேன். ஆணியில் சாவி இல்லாததைச் சொல்வேன், என் பெயரை நானே எழுதிக் கையெழுத்து வைப்பேன். நீ சொன்ன வார்த்தையை நான் சொல்வதும் நீயே சொல்வதும் ஒன்றாகாது. நினைவிருந்தால் அவர்களுக்கு எழுது, அருள்தாஸ் சாமி விலாசம் தருவார். நினைவில்லை என்றால் இல்லை என்றே எனக்கு எழுது, நான் நம்புவேன். ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே. அந்தக் கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்த மாதிரி நீயும் பார்க்காதே.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடி, தலைக்குத் துணி கட்டு. அம்மா செபமாலையில் உன் பெயரை விடுவதே இல்லை. ஆண்டவர் உன்னைக் காப்பாராக, மாதா உன் பக்கத்தில் இருப்பாராக. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும், வியாழன் போய்வந்து என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று அடுத்த கிழமை உனக்கு எழுதுவேன். அதற்குள் எழுத்தும் கொஞ்சம் நேராகியிருக்கும்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய உன் அப்பா,
ம. பாக்கியநாதன்