முதல் துண்டுக்குள் ஏதோ இருக்கிறது

செவ்வாய், இரவு.

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

சுரங்கப்பாதையின் உட்சுவருக்காக எங்கள் சேதராப்பட்டு யார்டில் புது அச்சு ஒன்றில் வார்த்த முதல் கான்கிரீட் துண்டை இன்று சோதித்தேன். உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும் ரேடார் வண்டியை அதன்மேல் உருட்டிக்கொண்டு போனபோது, கம்பிகளின் வரிசைக்குக் கீழே, கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு பெரிய வளைவு தெரிந்தது. அங்கே எதுவும் இருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப உருட்டினேன். அதே இடம், அதே வளைவு.

"உங்க மெஷின்தாம்மா கோளாறு," என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. "உடைச்சுப் பாருங்க சார். ஒண்ணும் இல்லன்னா மெஷினை நானே கடல்ல போட்டுடுறேன்," என்று சொல்லிவிட்டேன்.

உடைத்தார்கள். உள்ளே கையடக்கமாக ஒரு செப்புச் சொம்பு, வாயில் மஞ்சள் துணி கட்டி, நவதானியத்தோடு.

எல்லோரும் ஃபோர்மேன் ஏழுமலை அண்ணனைப் பார்த்தோம். அவர் அசரவேயில்லை.

"வீட்டுக்குக் கடக்கால் போட்டா வைக்கிறதில்லையா மேடம்? இது புது அச்சாச்சே, அதான் பூஜை பண்ணி வச்சேன்."

மேனேஜரே சிரித்துவிட்டார். நானும் என் மெஷினும் ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து, இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. உடனே ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மத்த அச்சுக்கெல்லாம்?"

"அதுங்க மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு மேடம்?"

எங்களிடம் அச்சு ஆறு இருக்கிறது. ரேடார் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டேன்.