உடைந்த ஓட்டின் கீழே முளைப்பாரி

ஆடி 6, திங்கள்
மழை மிரட்டிவிட்டுப் போய்விட்டது. யுத்தத்தால் சீமெண்ணெய் தட்டுப்பாடு. திரியை அடக்கி வைத்து எழுதுகிறேன். அம்மா புரண்டால் ஊதி அணைக்க வேண்டும்.

இன்று அறிவியல் டீச்சர் சொன்னது: சோதிக்கும் முன் ‘வேற்றுமை இல்லை’ என்று எழுது, பிறகு அதை உடைக்கப் பார். இங்கிலீஷில் ‘நல் ஹைப்பாதிசிஸ்’, அதாவது சூனியக் கருதுகோள் என்று பெயராம். உடைப்பதற்கென்றே ஒரு வாக்கியம்! எழுதினேன்: வெளிச்சம் பட்டாலும் படாவிட்டாலும் செடியில் வேற்றுமை இல்லை.

செடி? எங்கள் இருட்டறையில் மாரியம்மனுக்கு முளைப்பாரி, இரண்டு பானை. ஒன்று என்னுடையது, ஒன்று பக்கத்து வீட்டு அத்தையுடையது. வெளிச்சமே படக்கூடாது. ஆனால் மூலையில் ஓடு உடைந்து வெயில் விழுகிறது. என் பானையை அங்கே நகர்த்தினேன். தாயே, இது பள்ளிக்கூட வேலை.

ஆடி 8, புதன்
என் பானை குட்டை, பச்சைப்பசேல். அத்தையுடையது நெட்டை, வெளிறிய மஞ்சள். வாக்கியம் உடைந்தது! குதித்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டாள்.

“அண்ணி, ஓடியாங்க! புள்ள பானை பச்சை கட்டிருச்சு! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. பச்சை கட்டுன பானைக்காரி கழுத்துல ஆவணியிலயே தாலி ஏறணும். எம் பையன் இருக்கறான்.”

“பள்ளிக்கூடம்?” என்றேன்.

“எங்க வூட்ல அடுப்பு இருக்குது, போதும்.”

அப்பா: “ஆத்தாளே சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்றது?”

உண்மையைச் சொன்னால் அடி. சொல்லாவிட்டால் கல்யாணம். அத்தை மகன் வெள்ளாட்டுக்கே பயப்படுவான்.

ஆடி 9, வியாழன்
அத்தை பொம்மிடியில் ரயிலேறிப் போயிருக்கிறாள், சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்ல. ஞாயிறுதான் வருவாள்.

டீச்சரிடம் கல்யாணத்தைச் சொல்லவில்லை, பானையை மட்டும் சொன்னேன். “ஒரு பானை போதாது. இன்னொன்றிலும் செய்து பார்.”

புது வாக்கியம்: யார் பானை என்பதால் வேற்றுமை இல்லை. இது மட்டும் உடையக்கூடாது, தாயே.

அத்தை பானையை வெயில் விழும் இடத்துக்குத் தள்ளினேன். கனம்.

ஆடி 12, ஞாயிறு
திருவிழா. பானைகள் வெளியே வந்தன. அத்தையுடையதும் கிளிப்பச்சை.

மாமாதான் முதலில் கேட்டார், அத்தையிடம்: “ஏ புள்ள, ஆவணியில உனக்கு மாப்பிள்ளை நானேதானா? வேற பாத்து வெச்சிருக்கறயா?”

அப்பாவுக்குப் புரையேறியது.

அத்தை கத்தினாள்: “ஓடு உடைஞ்சிருக்குது பாருங்க! வெயில் பட்டுப் பச்சையாயிருக்குது!”

அப்பா: “அப்ப புள்ள பானையில பட்டதும் வெயிலுதானே? அவ பள்ளிக்கூடமே போவட்டும்.”

அம்மா மட்டும் என் நகக்கண்ணில் இருந்த மண்ணையே பார்த்தாள்.

“கையக் களுவிட்டுச் சாப்புட வா” என்றாள்.